குசினிக்குக் கேட்ட விசில்

புதுக்குடியிருப்பு,
10.12.2023

என் அன்பு மகன் சுமனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து என்ன கண்டேன்? வலைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், சுற்றிவர நாற்பது பேர் கத்துகிறார்கள். பத்து நிமிடத்தில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். "அம்மா, கேம் பெட்டியைக் கிழமைக்கு ஒருக்காப் போட்டுவிடுங்கோ, மழைக்குப் பழுதாப் போயிடும்." மறியல் கம்பிக்குள் இருக்கிறவனுக்கு வந்த கவலையைப் பார்.

சரி, போட்டேன். போட்டபின் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மழை விடும்வரை மிதிவெடி எடுக்கிற வேலையும் இல்லை, வெளியே போய் ஆட்களுக்கு முகம் காட்டவும் மனமில்லை. ரிமோட்டைக் கையில் எடுத்தேன். முதல் நான்கு நாளும் உன் கேமில் வருகிற குதிரைக்காரன் ஒரு மதிலைப் பார்த்தபடியே நடந்தான்.

இப்போது கொஞ்சம் பழகிவிட்டேன். அவனைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேள். வளர்த்தவள் சரியில்லை. ஆட்களின் வீட்டுக்குள் கேட்காமல் நுழைகிறான், பானையை உடைக்கிறான், அலுமாரியைக் கிண்டுகிறான், வீட்டுக்காரி வாயைத் திறக்காமல் நிற்கிறாள். கோயிலுக்குள்ளும் சப்பாத்துக் காலோடுதான் போகிறான். வெட்டு வாங்கினால் ஒரு இலையைச் சப்புகிறான், காயம் மாறிவிடுகிறது.

அந்த இலை வீரையா ஐயாவுக்குக் கிடைத்தால் நல்லது. தர்மபுரத்தில் உன்னுடைய மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டுப் போன அந்த மனிதர் இன்னும் ஆசுபத்திரியில்தான். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறதாம். கச்சான் கடலை மூட்டையோடு சைக்கிளில் போனவரைப் பின்னால் இடித்துவிட்டு நிற்காமல் போக எப்படி மனம் வந்ததோ.

லோயர் சுதாஜினி வந்தா. "அம்மா, பெப்ரவரி இருபதாம் திகதி கோட்டில தவணை. விபத்து நடந்த நேரம் மகன் வீட்டில கேம் விளையாடினவர் எண்டு நீங்கள் சொன்னால் பிணை கிடைக்கும்" என்றா. சொல்லத்தானே போகிறேன். ஐந்தரை மணியிலிருந்து ஏழு மணிவரை நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன், உன் அறையில் கேம் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கைப் பாதை சேறு என்று மோட்டார் சைக்கிளை நீ ரோட்டுக்கரை ஜனகன் வீட்டு முற்றத்தில்தான் விடுவாய். அவன்தான் எடுத்துக்கொண்டு போனான் என்று நீ சொல்கிறாய். ஓடியவன் ஹெல்மெட் போட்டிருந்தானாம், நம்பரைத்தான் ஆட்கள் கண்டிருக்கிறார்கள். ஜனகன் பதில் சொல்லட்டும். பன்னிரண்டு வருடம் ஹெட்போனைப் போட்டு, கீழே இருப்பது ஆணியா வெடியா என்று சத்தத்தில் பிரித்தவள் நான். என் காது பிழைக்காது.

ஒரு உதவி. குதிரைக்காரனோடு ஒரு பாலத்துக்குக் கிட்ட நிற்கிறேன். அதற்கு முன்னால் சிவப்புத் தலை வைத்த தடிகள் வரிசையாக நட்டிருக்கிறது. அதற்குள் போகமாட்டேன். வேறு வழி இருந்தால் எழுது.

சாப்பிடு.

உன் அம்மா,
சி. நேசமலர்

---

விளக்கமறியல்,
19.12.2023

அன்பு அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு பக்கத்தில் படுப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். "வளர்த்தவள் சரியில்லை" என்ற இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இந்த மண்டபத்தில் நான் வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை.

அம்மா, அது மிதிவெடி இல்லை! அந்தத் தடிகள் வழி காட்டுவதற்கு. இரண்டு தடிக்கும் நடுவில் போனால்தான் பாலம் திறக்கும். வேறு வழி கிடையாது. கேம் செய்தவனுக்கு முல்லைத்தீவு தெரியாது, பாவம், மன்னித்துவிடுங்கள்.

இங்கே முப்பது பேருக்குக் கட்டிய இடத்தில் எழுபத்தெட்டுப் பேர். ஒருவர் மறுபக்கம் திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் அந்த வரிசையே திரும்ப வேண்டும். நாள் முழுக்க ஒரு ஜன்னல்தான். அதில் நிற்கவும் முறை இருக்கிறது.

உங்கள் கடிதங்களைப் பிரித்து உதறிப் பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறார்கள். நாங்கள் எழுதுவதைத்தான் தமிழ் தெரிந்த ஒரு ஐயா ஒரு வரி விடாமல் வாசிப்பார். அவருக்கும் இனிப் பாலத்தின் கதை தெரிந்துவிடும்.

அந்த மற்றக் கேமையும் போட்டுப் பாருங்கள், புதையல் தேடும் பெண் வருவாள். உங்களுக்குப் பிடிக்கும். தவணையில் நீங்கள் கேட்டதைச் சொன்னால் போதும்.

உங்கள் மகன்,
சுமன்

---

புதுக்குடியிருப்பு,
02.01.2024

என் அன்பு மகனுக்கு,

வருடம் பிறந்துவிட்டது. பொங்கலுக்கு நீ இருக்கமாட்டாய் என்பதை நினைக்கத்தான் முடியவில்லை.

புதையல்காரியைப் பார்த்தேன். கெட்டிக்காரிதான், ஆனால் மூன்று நாளாக அந்தப் பிள்ளை ஒரு வாய் சோறு தின்று நான் காணவில்லை. மலையில் தொங்குகிறாள், தண்ணீருக்குள் போகிறாள், வெளியே வந்தால் தலைமுடி காய்ந்திருக்கிறது. ஒரு இடத்தில் மிதிவெடியும் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பார்த்தால் அது சிவப்பு வெளிச்சம் மின்னி, கீச்சுக் கீச்சென்று சத்தம் போடுகிறது! இப்படி வெடிகளை மண்ணுக்குள் தாட்டிருந்தால் நாங்கள் எல்லாவற்றையும் ஒரு கிழமையில் எடுத்து முடித்திருப்போம். எங்கள் சைட்டில் வேலை செய்கிற கஜேந்தினிக்குச் சொன்னேன், அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பாலத்தை இன்னும் கடக்கவில்லை. நீ எழுதியது தலைக்கு விளங்குகிறது. விரல்தான் பட்டனை அமத்தமாட்டேன் என்கிறது. பன்னிரண்டு வருடமாகச் சிவப்புத் தடிக்கு இங்காலே நின்று பழகிய உடம்பு.

நேற்று கடையில் ஜனகனின் தாய் பிரேமிளாவைக் கண்டேன். ஜனகனைப் பொலிஸ் இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்திருக்கிறது. அவள் என் கையைப் பிடித்தாள். "நேசமலர் அக்கா, அவன் அண்டைக்குக் காய்ச்சலோட படுத்துக் கிடந்தவன். நான்தான் கஞ்சி வைச்சுக் குடுத்தனான். நீங்கள் சொல்லுறதிலதான் இனி எல்லாம் இருக்கு" என்றாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். "நான் கேட்டதைத்தான் சொல்லுவன் பிரேமிளா" என்று சொல்லிவிட்டு வந்தேன். சீனி வாங்கப் போனது மறந்துபோய்விட்டது.

பனிக்குத் தலையை மூடிக்கொண்டு படு.

உன் அம்மா

---

விளக்கமறியல்,
11.01.2024

அன்பு அம்மாவுக்கு,

பிரேமிளா மாமியோடு கதைக்க வேண்டாம். தன் பிள்ளைக்காக யாரும் எதையும் சொல்லுவார்கள். நீங்கள் அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

அம்மா, என்னால் இங்கே இருக்க ஏலாது. இதைப் பகிடியாக எழுதவில்லை. மூச்சு விட்டால் அடுத்தவன் முகத்தில்தான் விட வேண்டியிருக்கிறது. கண்ணை மூடினால் கேமில் வருகிற பனிக் காட்டில் குதிரையை விரட்டிக்கொண்டு போகிறேன், எவ்வளவு தூரம் போனாலும் முடிவதில்லை. கண்ணைத் திறந்தால் சுவர். இன்னும் நாற்பது நாள். அதற்குமேல் ஒரு நாளும் ஏலாது.

கடிதம் வாசிக்கிற ஐயா, "அம்மா பாலத்தைக் கடந்திட்டாவோ?" என்று நேற்றுக் கேட்டார். கடந்து விடுங்கள் அம்மா. ஒன்றும் வெடிக்காது.

சுமன்

---

புதுக்குடியிருப்பு,
21.01.2024

மகனே,

இதை எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் குதிரைக்காரனோடு காட்டில் நின்றேன். குசினியில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு ரிமோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்பை அணைத்து, துடைத்துக்கொண்டு நிற்கும்போது உன் அறையிலிருந்து விசில் கேட்டது. யாரோ வந்துவிட்டார்கள் என்று எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அவன்தான். விளையாடாமல் விட்டால் அவன் நின்ற இடத்தில் நின்று விசில் அடிக்கிறான். கொஞ்சம் பொறுத்துக் குதிரை செருமுகிறது. பிறகு அதே விசில். நான் குசினிப் படியில் இருந்து ஒரு மணித்தியாலம் கேட்டேன். அது நிற்கவில்லை.

சுமன், அன்றைக்கும் எனக்கு இந்த விசில்தான் கேட்டது. வாள் சத்தம் ஒன்றுகூட இல்லை. நான் புட்டுக் குழைத்துக்கொண்டே, "விசில் அடிச்சது போதும், வந்து சாப்பிடு" என்று கூப்பிட்டேன். நீ பதில் சொல்லவில்லை. ஏழு மணிக்குப் பின்பக்கத்தால் தலை நனைந்து வந்தாய், கிணற்றடியில் குளித்தேன் என்றாய். புட்டைத் தொடவில்லை.

அன்றைக்கு நீ அந்த அறையில் இருந்தாயா? ஓம், இல்லை என்று ஒரு சொல் எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

அம்மா

---

புதுக்குடியிருப்பு,
05.02.2024

என் ராசா,

பதினைந்து நாளாகிவிட்டது. நீ எழுதுவதை அவர்கள் வாசிப்பார்கள் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. எழுத முடியாத இடத்தில் வைத்து உன்னைக் கேட்டுவிட்டேன். நீ எழுதாமல் விட்டதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒரு நிலத்தைக் கிண்டி முடித்தால், அது சுத்தம் என்று நாங்கள் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அதில் ஆட்கள் குடியிருக்க வருவார்கள். சந்தேகம் இருக்கிற ஒரு சாண் நிலத்துக்கும் நான் கையெழுத்து வைத்ததில்லை. ஆனால் அதெல்லாம் மற்றவர்களின் நிலம். நீ என் பிள்ளை. அப்பாவும் இல்லாமல் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கெல்லாம் ஓடினேன் என்று உனக்குத் தெரியாது. இத்தனை தூரம் உயிரோடு கொண்டுவந்தவனை ஒரு சுவருக்குள் விட்டுவிட்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை.

நான் சொன்னால் ஜனகன் உள்ளே போவான். சொல்லாவிட்டால் நீ உள்ளே இருப்பாய். பிரேமிளாவின் முகத்தை இனி நான் எப்படிப் பார்ப்பது? பார்க்கமாட்டேன், அவ்வளவுதான். வாள் சத்தம் கேட்டது என்றே தவணையில் சொல்லுகிறேன். நான் தீர்மானித்துவிட்டேன்.

நேற்றுக் கண்ணை மூடிக்கொண்டு சிவப்புத் தடியையும் கடந்துவிட்டேன். நீ சொன்னது சரி. ஒன்றும் வெடிக்கவில்லை. கை மட்டும் இன்னும் நடுங்குகிறது.

உன் அம்மா

---

விளக்கமறியல்,
12.02.2024

என் அம்மாவுக்கு,

இதை ஐயா வாசிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வாசித்தால் நல்லது. லோயர் அக்காவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்குத் தர்மபுரத்தில் ஒரு பெடியனிடம் புதுக் கேம் தட்டு வாங்கப் போனேன். சேவ் பண்ணும் இடம் வரவில்லை, அணைத்தால் அதுவரை விளையாடியதெல்லாம் போய்விடும் என்று அப்படியே விட்டுவிட்டுப் போனேன். உங்களை ஏமாற்ற வேண்டும் என்று அல்ல. திரும்பி வரும்போது மழை. வீரையா ஐயாவை நான் கிட்ட வந்துதான் கண்டேன். அவர் விழுந்ததும், கச்சான் எல்லாம் ரோட்டில் சிதறியதும் கண்ணாடியில் தெரிந்தது. பயத்தில் நிற்காமல் வந்துவிட்டேன். நின்றிருக்கலாம் அம்மா. ஒவ்வொரு நாளும் அதைத்தான் நினைக்கிறேன். ஜனகன் அந்த மோட்டார் சைக்கிளைத் தொடவே இல்லை.

இன்னும் எத்தனை மாதம் இங்கே கிடக்க வேண்டுமோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் கடைசிக் கடிதத்தில் கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். வெடிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்த நாட்களிலும் உங்கள் கை நடுங்கியதில்லை. அதை என்னால் வாசிக்க முடியவில்லை.

பிரேமிளா மாமியிடம் நீங்கள் போங்கள். நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். முடிந்தால் வீரையா ஐயாவையும் ஒருக்காப் போய்ப் பாருங்கள்.

கேமில் பழைய சேவ் ஒன்று இருக்கும். பட்டியலில் இரண்டாவது. அதைத் திறந்தால் பாலத்துக்கு முன்னால், தடிக்கு இங்காலே நிற்பீர்கள். திரும்பி வந்துவிடுங்கள் அம்மா. தவணையில் விசில் மட்டும்தான் கேட்டது என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
சிவராசா சுமன்