வெள்ளை நூல் தெரிஞ்சால்

நண்ப,

இன்று காலை வில்லரே பகுதியிலுள்ள என் வீட்டின் வாசற்படியில் பனிக்காலணியைக் கழற்றியபோது, அதன் குதிப்பக்கம் தேய்ந்திருப்பதைக் கண்டேன். கருமை கரைந்து, உள்ளே பொதிந்திருந்த துணியின் வெள்ளை நூல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஈர இறப்பரின் மணம் எழுந்தது. காலணியை மடியில் வைத்து அந்த நூல்களை விரலால் தடவினேன். ரப்பருக்கு நம்மவர் வழங்கும் இறப்பர் என்ற சொல்லை இப்போது தயங்காமல் எழுதுகிறேன். ஏனென்று உனக்குத் தெரியும்.

நீ பணியாற்றிய தொழிற்சாலையில், சுமை கடத்தும் நீண்ட பெல்ட்டுகளைத் துணியடுக்கும் இறப்பரும் சேர்த்து அழுத்தி, வேகவைத்துச் செய்தார்கள். ஒவ்வொரு சுருளிலும் துண்டு வெட்டி அதன் வலிமையை அளப்பது உன் வேலை. ஒன்றை அடுக்கடுக்காக உரித்துப் பார்ப்பாய். மற்றொன்றை மணற்றாள் சுற்றிய உருளையில் தேய்த்து, எவ்வளவு குறைந்தது என்று நிறுப்பாய்.

"இழுவையைத் தாங்கிறது துணிதான், அண்ணை. இறப்பர் அதுக்குப் போர்வை. போர்வை தேய்ஞ்சால் தண்ணியும் மண்ணும் உள்ளை போகும். பிறகு சொல்லிப்போட்டு அறாது."

இதை நான் இனத்தின் ஒற்றுமைக்கு உவமையாக்கி, மேடையில் முழங்கிக் கைதட்டல் வாங்கினேன். "என்ரை பெல்ட்டையும் மேடை ஏத்திப்போட்டியள்" என்று முன்வரிசையிலிருந்து தலையிலடித்துக்கொண்டு சிரித்தாய்.

இந்த நூற்றாண்டின் மூன்றாம் குளிர்காலம் அது. உங்கள் தொழிற்சாலைக்குள்ளேயே கழிவு இறப்பரை மேலேற்றும் பழைய பெல்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்புகளெல்லாம் பிரெஞ்சில், அங்கு நின்றவர்களோ நம்மவர்கள். நீ ஒரு தாளில் தமிழில் எழுதி, பிழை திருத்த என்னிடம் கொண்டுவந்தாய்: "இறப்பர் பெல்ட்டிலை வெள்ளை நூல் தெரிஞ்சால் உடனை நிப்பாட்டு."

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"இறப்பர் என்றால் 'சாவார்கள்' என்று பொருள். உயிர் காக்கும் அறிவிப்பின் முதற்சொல்லே சாவா?" என்று சீறினேன். உன் வரியை ஒரே கோட்டால் வெட்டிவிட்டு, என் வரியை எழுதினேன்: "தொய்வப்பட்டையின் மேற்படலம் தேய்ந்து அகவிழை புலப்படுமாயின், இயக்கத்தை உடனே நிறுத்துக."

நீ இருமுறை வாசித்தாய். "அண்ணை, இதை வாசிச்சு முடிக்க முன்னம் பெல்ட் அறுந்திடும்."

நான் சிரிக்கவில்லை. "மொழியும் தேய்ந்தால் அப்படித்தான் அறும்" என்றேன்.

"சரி, சரி. நீங்கள் எழுதினதையே ஒட்டுறன்." என் மீது நீ வைத்த மதிப்பு அது. அந்த மதிப்பை நான் வெற்றியென்று எண்ணினேன்.

மாசியில் ஒரு நண்பகல், அந்தப் பெல்ட் அறுந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்து, வேலைக்குச் சேர்ந்து மூன்று கிழமையே ஆன ஒருவர் அதனருகே நின்றார். நீ ஓடிச்சென்று அவரைத் தள்ளிவிட்டாய். சுழன்று வந்த முனை உன்னை அடித்தது.

இறுதிச் சடங்கில் அவர் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"அண்ணன், அந்த அறிவிப்பை நான் ஒவ்வொரு நாளும் வாசிச்சனான். அண்டைக்குக் காலமையே வெள்ளை நூலைக் கண்டனான். அதுதான் இது எண்டு தெரியேல்லை." பிறகு கேட்டார்: "அகவிழை எண்டால் என்ன, அண்ணன்?"

எழுதியவன் நான் என்பதை அவர் அறியார். இரங்கலுரைக்கு என் பெயரை அழைத்தார்கள். எழுந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். அமர்ந்துவிட்டேன்.

தேய்ந்த பெல்ட்டை மாற்றாத முதலாளிகளைப் பற்றிப் பின்னர் மேடைதோறும் நெருப்பெனப் பேசினேன். பேசியதில் பொய்யில்லை. ஆனால் தொழிற்சாலைச் சுவரில் ஒட்டியிருந்த வரி யாருடையது என்பதை எந்த மேடையிலும் சொன்னதில்லை. சடங்கு முடிந்த அடுத்த கிழமையே தொழிற்சாலைக்குப் போய் அதைக் கிழித்தெடுத்து, உன் வரியை எழுத்துக்கெழுத்து அப்படியே எழுதி ஒட்டினேன். "நிப்பாட்டு" என்பதைத் திருத்தவில்லை. "இறப்பர்" என்ற இடத்தில் மட்டும் கை நின்றது, பிறகு எழுதியது.

நீ படியெடுத்துக்கொண்டு என்னிடமே விட்டுப்போன அந்தத் தாள் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. மேடையேறுமுன் அதை விரித்துப் பார்க்கிறேன். மடிப்பெல்லாம் தேய்ந்து, உன் எழுத்து ஏறக்குறைய அழிந்துவிட்டது. அதன்மேல் நான் இழுத்த சிவப்புக் கோடு மட்டும் மங்கவில்லை.