பேனாவால் திறந்த பெட்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் படி இறங்கும்போது மட்டும் தகராறு பண்ணுகிறது, டாக்டர் சொன்ன பயிற்சியை டிவி பார்த்துக்கொண்டே செய்கிறாள், அதாவது டிவியை முழுசாகவும் பயிற்சியைப் பாதியாகவும். கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தை இடிக்கிறார்கள், ஸ்விட்ச் போர்டு, பல்பு, பைப்பு எல்லாவற்றின் மேலும் ஒரே தூசி, துடைத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. மாப்பிள்ளையின் இருமல் நின்றதா, அதை அம்மா தினமும் கேட்கிறாள், நீ எழுது.

போன வாரம் போனில், வாஷிங் மெஷின் கதவு மூடமாட்டேன் என்கிறது, ஒன்பது நாளாக மெக்கானிக்குக்குக் காத்திருக்கிறேன், துணியெல்லாம் கையால்தான் என்றாய். கழற்றிப் பார்க்கறதுதானே என்றேன். எனக்குத்தான் கைராசி இல்லையேப்பா, நான் தொட்டா இருக்கறதும் போயிடும் என்று சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். போனை வைத்த பிறகு எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மூன்று மாதம் முன்பு தண்ணீர்த் தொட்டி ஒழுகிப் பரணெல்லாம் நனைந்தது. சாமான்களை இறக்கினபோது உன் வீடியோ கேம் பெட்டி வந்தது, நீ எட்டாவது படிக்கும்போது நின்றுபோனதே, அதுதான். எடைக்குப் போடலாம் என்றுதான் எடுத்துவைத்தேன். ஆனால் அடியில் இருந்த ஸ்க்ரூவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. ஆழமான குழிக்குள் ஒரு குமிழ், அதைச் சுற்றி ஆறு பல். இத்தனை வருஷமாக ஸ்க்ரூ விற்கிறேன், இப்படி ஒன்றைக் கண்டதில்லை. கடையில் இருக்கிற ஸ்க்ரூ டிரைவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் உள்ளே உட்காரவில்லை. மொத்த வியாபாரிக்குப் போன் போட்டால், கம்பெனிக்காரன் வேறு யாரும் திறக்கக்கூடாதுன்னே போட்டிருக்கான் அண்ணாச்சி, அதுக்கு டூல் நம்மகிட்ட கிடையாது என்று கையை விரித்தார். அங்கேதான் எனக்கு அரிப்பு ஆரம்பித்தது. பதின்மூன்று வயசில் நீ இதைத் திறந்தாயே, எதை வைத்துத் திறந்தாய்? என் டிரைவரைத் திருடினாய் என்றல்லவா அன்றைக்குக் கத்தினேன், என்னிடம் இல்லாத டிரைவரை நீ எங்கே போய்த் திருடுவது?

நாலு நாள் இதே யோசனை. சில்லறை கொடுக்கும்போதுகூட யோசனை, ஒருத்தருக்குக் கேட்டதில் பாதி பல்பை மட்டும் கொடுத்து முழுப் பணம் வாங்கப்போய்த் திட்டு வாங்கினேன். அப்புறம் அது இருந்த அட்டைப்பெட்டியின் மூலையில், கேம் கேசட்டுக்கு அடியில், ரீஃபில் இல்லாத ஒரு நீலப் பேனா கிடந்தது. நுனி உருகிப் போயிருந்தது. குப்பை என்று தூக்கியெறிந்துவிட்டேன். கூட்டுகிறபோது உன் அம்மாதான் எடுத்து, இது என்ன, பேனாவுக்குப் பல் முளைச்சிருக்கு என்றாள். வாங்கிப் பார்த்தால் உருகின வாய்க்குள் ஸ்க்ரூவின் அச்சு மாதிரி ஆறு பள்ளம். குழிக்குள் விட்டுத் திருப்பினேன், சமர்த்தாகக் கழன்று வந்தது. நாலாவது ஸ்க்ரூவில் பள்ளம் தேய்ந்து வழுக்கியது. போச்சு என்று பேனாவைத் திருப்பினால் மறுநுனியையும் அதேபோல உருக்கி வைத்திருக்கிறாய்! ஸ்பேர்! அந்த இடத்தில்தான் கண்ணு நான் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்வரிசை டிவி மெக்கானிக்கை உனக்கு ஞாபகம் இருக்கும், எந்நேரமும் நெற்றியில் லென்ஸை மாட்டிக்கொண்டு இருப்பாரே, பூதக்கண்ணாடிக்காரர் என்போமே. அவரிடம் கொண்டுபோனேன். உள்ளே பார்த்துவிட்டு, இதை முன்னாடி யார் திறந்தது என்றார். என் பொண்ணு, அவதான் கெடுத்தா என்றேன். அவர் மீட்டரை வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, அரிசி அளவில் ஒரு ஃபியூஸைக் காட்டினார், இது ஒண்ணுதான் போயிருக்கு, கரண்டு தலைகீழா ஏறினாத்தான் இது போகும், அடாப்டர் எங்கே என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதில் நம் கடை ஸ்டிக்கர்.

பழைய அடாப்டர் வயரை எலி கடித்துவிட்டது என்று நீ சொல்லி, கடையிலிருந்து நான் எடுத்துவந்த அடாப்டர் அது. அவர் அதைத் திருப்பி அடியில் ஒரு சின்னப் படத்தைக் காட்டினார், நடுவில் ஒரு புள்ளி, சுற்றி ஒரு வளையம், புள்ளியில் பிளஸ், வளையத்தில் மைனஸ். உன் பெட்டியின் முதுகிலும் அதே படம், பிளஸ்ஸும் மைனஸும் மட்டும் இடம் மாறி. ஆயிரக்கணக்கில் அடாப்டர் விற்றவன் நான், வோல்ட் சரியா, முனை நுழைகிறதா, எடுத்துப் போ என்றுதான் எல்லாருக்கும் சொன்னேன், அந்தப் படத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அண்ணே, உங்க பொண்ணு தூசி மட்டும்தான் தட்டியிருக்கு, ஒரு கீறல் கிடையாது, நல்ல கை என்றார் அவர். என்னால் அந்தக் கடையில் நிற்கமுடியவில்லை.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ திறந்து சுத்தம் பண்ணினாய். செவ்வாய்க்கிழமை, எலி கடித்ததற்குப் பதிலாக நான் இந்த அடாப்டரை மாட்டினேன், செத்துப்போச்சு. நடுவில் ரெண்டு நாள் ஓடிச்சுப்பா, சத்தியமாப்பா என்று நீ சொன்னாய். நான் காதில் வாங்கவில்லை. கடைப்பையன்கள், உன் மாமா எல்லாரும் இருக்கும்போது, உனக்குக் கைராசியே இல்லை, இனிமே எதையும் தொடாதே என்றேன். பல்பு போனால்கூட நீ தொட்டியா என்று கேட்டுக் கேட்டு வீடே சிரித்தது. நீயும் அதையே எடுத்துக்கொண்டு வேற்றூரில் ஒன்பது நாள் கையால் துணி துவைக்கிறாய்.

ஃபியூஸை மாற்றி, சரியான அடாப்டரும் போட்டதில் இப்போது பெட்டி ஓடுகிறது. புது டிவியில் பழைய ஆன்டெனா வயர் சேரவில்லை, அதனால் பூதக்கண்ணாடிக்காரர் உள்ளிருந்தே தனியாக வயர் இழுக்கலாம் என்றார், பெட்டியில் துளை போட்டு அவர் ஒரு வயரைப் பற்றவைத்தார், நான் ஒரு வயரைப் பற்றவைத்தேன், விரலையும் சேர்த்து. போட்டதும் கேம் தொடங்கும்போது வருமே, அந்தப் பாட்டு வந்தது. அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து, இது அவ மிஷின் சத்தம்தானே என்றாள். படம் முன்னைவிடத் தெளிவு. எனக்குக் கேம் ஆட வரவில்லை, முதல் பள்ளத்திலேயே விழுகிறேன், உன் அம்மா மூன்றாவது கட்டம் வரை போகிறாள், சமையல்தான் தாமதம். பழைய சாமான்காரரிடம் இன்னும் ரெண்டு செத்த பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வயசில் இது தேவையா என்று அவள் கேட்காமலில்லை, கேட்டுக்கொண்டேதான் ஆடுகிறாள். கடையில் அடாப்டர்களை ரெண்டு பெட்டியாகப் பிரித்து, நானே மார்க்கரால் அந்தப் படத்தை வரைந்து ஒட்டினேன். முதலாளி இப்பத்தான் படிக்கவே ஆரம்பிச்சிருக்கார் என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும்.

விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று கல்லாவுக்கு மேலே போர்டு மாட்டியிருக்கிறேன், உனக்குத் தெரியும், யாருக்காகவும் அதை மீறியதில்லை. உன் கைராசியைப் பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பழுது என் பக்கம். தப்பு பண்ணினேன் கண்ணு.

இனி காரியத்துக்கு வருவோம். இப்போது வாங்கின பெட்டி ரெண்டிலும் அதே ஆறு பல் ஸ்க்ரூதான், உன் பேனா ரெண்டு நுனியும் தேய்ந்துவிட்டது. நானும் மெழுகுவத்தியில் காட்டி ஏழு பேனா உருக்கிப் பார்த்துவிட்டேன், ஒன்று ஸ்க்ரூவிலேயே ஒட்டிக்கொண்டது, மற்றதில் பல்லே பதியவில்லை. எவ்வளவு நேரம் காட்டினாய், எதன் மேல் காட்டினாய், குழிக்குள் அழுத்தி எவ்வளவு நேரம் பிடித்தாய், சூட்டோடு எடுத்தாயா ஆறவிட்டு எடுத்தாயா, ஒவ்வொன்றாக எழுது. யார் சொல்லிக்கொடுத்தார்கள், இல்லை நீயாகவே கண்டுபிடித்தாயா, அதையும் எழுது, அதுதான் எனக்கு முக்கியம்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்கவேண்டும், நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும். மெக்கானிக்கை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. முதலில் பிளக்கைப் பிடுங்கு, அப்புறம் கதவைக் கழற்று.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அப்பா