ஏட்டய்யா எழுதிய ஆறு வரி

ஏட்டய்யா,

நேற்று உங்கள் மகள் ஒரு கார்பன் நகலோடு வந்தாள். "அப்பா பெட்டியில இருந்துச்சு மாமா. ஒங்களப் பத்தித்தான் எழுதியிருக்காக" என்றாள். மங்கிப்போன எழுத்து. வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் படித்தேன்.

தாடிக்கொம்புப் பக்கம் எங்கள் வெங்காயக் காடுகளைத் தொழிற்பேட்டைக்கு எடுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்ட வருடம். திண்டுக்கல் கூட்டத்தில் டெல்லித் தலைவர் அதை அறிவிப்பார் என்றார்கள். எதிர்த்து நின்ற எங்கள் விவசாயிகள் சங்கத்துக்கு நான் தலைவன். எங்களைக் கவனித்து மேலே எழுத உங்களை மப்டியில் அனுப்பினார்கள். நீங்களோ முதல் நாளே டீக்கடைக்கு வந்து, "நான் உளவுப் பிரிவு ஏட்டு. ஒங்களப் பத்தி எழுதணும் தலைவரே, செத்த தள்ளி உக்காருங்க" என்றீர்கள்.

அன்றிலிருந்து தினமும் சண்டைதான்.

"நீங்க எழுதுறத டெல்லியில எவன்யா படிக்கிறான்? முடிவெடுத்துட்டுத்தான் ஒங்கள எழுதவே சொல்றான்."

"படிக்கிறது அவுக பாடு. உள்ளத எழுதுறது என் பாடு. டீ ஆறுது, குடிங்க."

கூட்டத்துக்கு முதல் நாள் என்னைப் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். டெல்லித் தலைவர் வந்தார், ஒரு மணி நேரம் பேசினார், நிலத்தைப் பற்றி வாய் திறக்காமல் போனார். திட்டமும் அப்படியே அமுங்கியது. ஆனாலும் என்னை மாட்டிவிட்டது உங்கள் பேனாதான் என்று முடிவு கட்டினேன். நடுரோட்டில் வைத்துக் கேட்டேன். "எழுதினத வெளிய சொல்ல எனக்கு உரிமை இல்ல தலைவரே" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு உங்களோடு பேசவில்லை. உங்கள் சாவுக்கும் வரவில்லை.

நகலில் இருந்தது இதுதான். கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பே எழுதியிருக்கிறீர்கள்:

"மேற்படி நபர் பிடிவாதக்காரர். பொய் பேசாதவர். வன்முறைக்குப் போகமாட்டார். கைது தேவையில்லை. நிலத்தை மட்டும் விட்டுத்தர மாட்டார். அறிவிப்பைத் தவிர்ப்பது நலம்."

டிவியில் இன்றைக்கும் இதே வாதம்: பெரிய முடிவுக்கு முன் ஒரு தலைவர் உளவு அறிக்கையைப் படித்தாரா, இல்லையா? உங்களுடையதைப் படித்திருந்தால் என்னை ஏன் பிடித்தார்கள்? படிக்கவில்லை என்றால் அறிவிப்பு ஏன் நின்றது? கடைசி வரியை மட்டும் படித்தார்களோ என்னவோ. படித்தார்கள் என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் நீங்கள் காட்டிக்கொடுக்கவில்லை. எத்தனையோ வருடம் கழித்து நேற்று மத்தியானம்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நகலைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். டெல்லிக்காரன் கதை எனக்குத் தெரியாது, ஏட்டய்யா. உங்கள் அறிக்கையைப் படிக்காமலே முடிவெடுத்த தலைவன் ஒருவன் தாடிக்கொம்பில் இருந்தான். அது மட்டும் தெரியும்.