ராட்சதனின் முதுகுத் தையல்

கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். பக்கத்துப் பஞ்சர் கடையில் டியூபுக்குச் சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கை தானாகப் பைக்குள் போய்க் கத்தரிக்கோலைத் தேடியது. உன் ரப்பர் தோலிலும் இதே வாடைதானே, அண்ணாத்த.

மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், சவுக்குத் தோப்பை ஒட்டிய மணலில், முழங்கால் உயரத்துக்கு அட்டையில் ஒரு ஊரையே கட்டியிருந்தார்கள். பழைய கறுப்பு வெள்ளை ராட்சதப் படத்தை மறுபடி எடுக்கிறோம், கம்ப்யூட்டர் வேண்டாம், ரப்பர் ராட்சத உடுப்புக்குள்ளே ஆளை விட்டுத்தான் எடுப்பேன் என்று டைரக்டருக்குப் பிடிவாதம். படாளத்தில் லாரிக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்த உன்னை உயரத்துக்காகவே கூட்டிவந்தார்கள். உடுப்பின் முதுகிலிருந்த ஜிப் கேமராவில் பளபளத்தது. அதைப் பிய்த்துவிட்டு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் உன்னை உள்ளே வைத்துத் தைத்துவிடச் சொன்னார்கள். தையல்காரி நான். கோணி ஊசியால் உன்னை மூடினேன். நீயும் சும்மா இருக்க மாட்டாய். “லோடு ஏத்துனவனயே மூட்டயாக்கிட்டியே தங்கச்சி” என்பாய்.

உள்ளிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் நமக்குள் ஓர் ஏற்பாடு. மூச்சு முட்டினால் இடது கையைத் தூக்கி நெஞ்சில் மூன்று முறை அடிப்பாய், நான் ஓடிவந்து தையலை வெட்டுவேன். இதை டைரக்டரிடமும் சொல்லி வைக்க வேண்டும் என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் பாதி ஊரை மிதித்து முடித்திருந்தாய். சட்டென்று நின்றாய். இடது கை எழுந்தது. நெஞ்சில் மூன்று அடி. நான் கத்தரிக்கோலோடு ஓடினேன்.

“ஏம்மா, ஃப்ரேமுக்குள்ள வராத. இன்னாமா நடிக்கிறாரு, ஓடட்டும்” என்று டைரக்டர் கத்தினார்.

நான் நின்றுவிட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம், வேறொன்றுமில்லை. நீ மறுபடியும் அடித்தாய். எல்லோரும் கைதட்டினார்கள். கால் மடிந்து அட்டை வீடுகள் மேல் நீ விழுந்த பிறகுதான் ‘கட்’ வந்தது.

வெட்டித் திறந்தபோது வெந்நீராக வியர்வை கொட்டியது. மூச்சு வந்ததும் நீ கேட்டது ஒன்றுதான்.

“இன்னாத்துக்கு நின்ன?”

நான் குனிந்து அறுந்த நூலைப் பொறுக்கினேன். டைரக்டரோ அந்தச் சைகையில் சொக்கிப்போயிருந்தார். விஷயத்தைச் சொன்ன பிறகும் விடவில்லை, படம் முழுக்க அதையே செய்யச் சொன்னார். “இனிமே என் கைய நம்பாத” என்றாய். அன்றிலிருந்து ஷாட்டுக்கு ஷாட் உன் ரப்பர் முதுகில் காதை வைத்து மூச்சுக் கேட்டேன். அந்தக் கேள்வியை நீ திரும்பக் கேட்கவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஆறியிருப்பேன்.

படம் வந்தது. உன் முகம் எங்கும் இல்லை. ஆனால் தெருவில் பிள்ளைகளெல்லாம் இடது கையைத் தூக்கி நெஞ்சில் அடித்துக்கொண்டு திரிந்தார்கள். உன் மகளும்தான்.

போன மாசியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தாய். நான் வாசற்பக்கம் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். உன் இடது கை மெல்ல எழுந்தது. நெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று.

“அத்த, வந்து பாரேன். அப்பா படத்துல பண்ண மாரியே பண்ணிகினு கீறாரு” என்றாள் உன் மகள். நீ தேறிவிட்டாய் என்று அவளுக்குச் சந்தோஷம். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனில் படம் பிடித்தாள்.

இந்த முறை நான் நிற்கவில்லை, அண்ணாத்த. நர்ஸைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே ஓடிவந்து உன் முதுகுக்கடியில் கையை விட்டேன். சட்டை நனைந்திருந்தது. வெட்டுவதற்கு அங்கே தையல் எதுவும் இல்லை. நர்ஸும் டாக்டரும் ஓடிவந்தார்கள். அவர்களாலும் உன்னைக் காப்பாற்ற முடியவில்லை.

உன் மகள் அந்த வீடியோவை எனக்கு அனுப்பியிருக்கிறாள். கத்தரிக்கோலோடு போனையும் பையில் போட்டுக்கொண்டு அலைகிறேன். நான் ஓடி வந்ததை நீ பார்த்தாயா என்று அதில் தெரிந்துவிடும். இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.