அவர் அறுத்துவைத்த அச்சு

மார்ச் 4

என் வீட்டுக்காரர் இருந்த படகு கட்டும் குழுவிலிருந்து ஆசாரி வந்தார். "அக்கா, நாளைக்குக் காட்டுக்குப் போறோம், படகு விலாவுக்கு மரம் பாக்க. அண்ணன் அறுத்துவச்ச அச்சு வேணும்."

கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். படகின் விலாச் சட்டம் எப்படி வளைய வேண்டுமோ, அப்படியே மெல்லிய பலகையில் அறுத்தது. மாரடைப்பில் போவதற்கு முந்தின மாதம் அவர் செய்த கடைசி வேலை. கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. நானும் வருகிறேன் என்றேன்.

மார்ச் 5

வனக்காப்பாளர் கறாரான ஆள். சாயம் பூசி அடையாளமிட்ட மரங்களில் ஒன்றே ஒன்றைத்தான் வெட்டலாம் என்றார். வெட்டியபின் மனம் மாறினால், அடுத்ததற்குச் சில வருஷம் காத்திருக்க வேண்டும். நேரான மரங்களையெல்லாம் விட்டுவிட்டுக் கோணல் மரத்தைத் தேடி அலையும் கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம். தானாக வளைந்த மரத்தில் அறுத்தால்தான் விலா உடையாதாம். ஒவ்வொன்றிலும் அச்சை வைத்துப் பார்த்தோம். சரிவோரம் ஒரு மரத்தில் கச்சிதமாகப் பொருந்தியது.

ஆசாரி மட்டும் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம் சின்னதா இருக்கோ?"

எனக்குச் சுருக்கென்றது. "அவர் அளவு என்னிக்குத் தப்பியிருக்கு?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். ஆசாரி அச்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

மார்ச் 9

மரத்தை வெட்டிவிட்டார்களாம். ஆசாரி கேட்டதே மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 2

தைக்க வந்த ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன். அவர் இருந்திருந்தால் ஒரு வாரம் ஓட்டியிருப்பார். கிண்டல் பண்ணக்கூட ஆளில்லாத வீடு.

நவம்பர் 14

படகை ஏரியில் இறக்கினார்கள். பெஞ்சுக்கு மூன்று பேர் என்று அவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். இரண்டு பேர்தான் உட்கார முடிந்தது. துணி அளந்தே பழகிய கண் ஏமாறுமா? படகே ஒடுங்கலாக இருந்தது.

ஆசாரியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அச்சு தப்புதானே?"

தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாக்கா. வெட்டுறதுக்கு முன்னாடியே அண்ணனோட பழைய வரைபடத்தோட ஒத்துப் பாத்துட்டோம். சின்னப் படகாவே கட்டிடலாம்னு எல்லாரும் சேந்துதான் முடிவு பண்ணோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? அச்சு தப்புன்னா ஏன்னும் சொல்லணுமே. கடைசில அண்ணனுக்கு ஞாபகம் விட்டு விட்டுப் போகும். வீட்டுக்கு வழியே மறந்துடுவாரு. நாங்கதான் ஆள் மாத்தி ஆள் கொண்டாந்து விடுவோம்."

ஆமாம், தினமும் யாராவது ஒருவர் அவரோடு வருவார்கள். பேச்சுத் துணைக்கு என்றுதான் நினைத்தேன் — டீ போட்டுக் கொடுத்தேன். அவரும் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். உள்ளுக்குள்ள எவ்வளவு பயந்திருப்பார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.