இருபத்து மூன்றாம் வாரம்

வியாழக்கிழமை, மத்தியானம்

என் கட்டெறும்புக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் எனக்குத் தெரியும். நாலாம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் இருமல் ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த மட்டும் கர்த்தர் பார்த்துக்கொண்டார்.

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. உன் பெரியவள் உட்கார வைத்து எழுதச் சொன்னாள். வியாழக்கிழமை கடித நாள், வீட்டுப் பெரியவர்களும் தூரத்தில் இருக்கிற ஒருவருக்கு எழுத வேண்டும் என்று நீதானே நோட்டில் போட்டு வைத்திருக்கிறாய். சலவைக் கூடத்தில் என்னோடு ஆஸ்பத்திரிப் போர்வை மடித்தவர்களுக்கு எழுதினேன். மேஸ்திரிக்குக்கூட எழுதினேன், அந்த மனுஷன் பயந்துபோய்ப் போன் பண்ணினான். எட்டு வாரத்தில் எனக்குத் தெரிந்த ஆட்கள் தீர்ந்துபோனார்கள். இன்றைக்கு யாருமில்லை என்றேன். பென்சிலைக் கடித்துக்கொண்டே யோசித்தவள், "அம்மாவுக்கு எழுதுங்களேன் பெரியம்மா, தூரமாத்தானே இருக்காங்க" என்றாள். உப்பை எடுங்கள் என்று சொல்வது மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். எட்டு வயசு.

உன் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. சபையில் பாட்டு நடுவில் நீ சாய்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், இதே அடுப்படி மேசையில் உட்கார்ந்து இருபத்து மூன்றாம் வாரத்தை எழுதி முடித்திருக்கிறாய். வசனம் நீல மையில், கணக்கு பச்சையில். நீ எழுதி, நீ நடத்தாத வாரம். அடக்கம் முடிந்த எட்டாம் நாள் நான் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளை எதிரில் உட்கார வைத்தேன்.

நான்தான், கட்டெறும்பே. பள்ளிக்கூடம் என்று ஒன்று தெருமுனையில் இருக்கும்போது வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறாளாம், இவளே வாத்தியார், இவளே ஆயா, மணி அடிக்கிறதும் இவளே என்று உன்னைப் போகிற வருகிற இடமெல்லாம் கிண்டல் பண்ணினவள் நான்தான். இப்போது காலை எட்டரைக்கு நான் ஒரு தட்டைக் கரண்டியால் தட்டுகிறேன். உன் மணி எங்கே என்று கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை வசனமும் கழித்தலும். செவ்வாய் எழுத்து, பிறகு ஆளுக்கொரு வீட்டு வேலை. புதன் பெருவெள்ளத்தில் மிதந்த பேழையின் கதையும், அதைச் செய்து பார்க்கக் களிமண்ணும். வியாழன் கடிதம், கிளாசில் ஈரப்பஞ்சு வைத்து அவரை விதை. வெள்ளி பரீட்சை. நான் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். தடுக்கினால் பெரியவள் என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாக அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, கொட்டாவி விட்டது மாதிரி வாயை மூடிக்கொள்வாள். அப்படியே நீ.

அட்டையின் உள்பக்கம் நீ எழுதின சட்டத்தை நான் மீறவில்லை. எல்லாம் சரியாக வந்த பிறகே பக்கம் திருப்ப வேண்டும். அதுதான் இப்போது என் கவலை. பெரியவளுக்கு வெள்ளிக்கிழமைக் கணக்கு வரமாட்டேன் என்கிறது. பத்துக் கழித்தலில் வாரம் ஒன்று தப்புகிறது. தப்பினால் வாரம் முடியவில்லை. அதனால் திங்கட்கிழமை மறுபடி இருபத்து மூன்றாம் வாரம். இப்போது நடப்பது ஒன்பதாவது தடவை.

ஜன்னலில் ஒன்பது களிமண் பேழை வரிசையாக நிற்கிறது, துறைமுகம் மாதிரி. அவரைக் கொடி ஜன்னல் கம்பியெல்லாம் சுற்றிக்கொண்டு அடுப்படியில் பகலிலேயே வெளிச்சம் குறைந்துவிட்டது. நேற்றுக் கதையை ஆரம்பித்ததும் சின்னவன், "இந்த வாரமும் எல்லாரும் மூழ்கிடுவாங்களா பெரியம்மா?" என்று கேட்டான். சிரிக்கவா அழவா என்று இருந்தது. கதை அதுதானே தங்கம், மாற்ற முடியாதே என்றேன். களிமண்ணில் ஜன்னல் குத்திக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "அம்மா பெட்டிக்கு ஜன்னல் வெச்சாங்களா?" என்றான். நான் துணி எடுக்கப் போவது மாதிரி எழுந்து போய்விட்டேன். நீயாக இருந்தால் ஒரு பதில் வைத்திருப்பாய்.

நாளைக் காலையில் கல்வி ஆபீசிலிருந்து அந்த அம்மா வருகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவாரே, அவர்தான். உன் வீட்டுக்காரர் ஏற்கெனவே முடிவெடுத்த மாதிரிதான் பேசுகிறார். "உங்க மேல குத்தம் சொல்லல அக்கா. எனக்கு அஞ்சு மணிக்கு பஸ் எடுக்கணும். நீங்களும் எத்தனை நாளைக்கு? ஹாஸ்டல்ல சேத்துடலாம்" என்கிறார். பெண் பிள்ளைகள் விடுதி ஒரு ஊரில், ஆண் பிள்ளைகள் விடுதி வேறு ஊரில். சின்னவனுக்கு இன்னும் சட்டைப் பொத்தான் ஒழுங்காகப் போட வராது. அக்காதான் போட்டுவிடுகிறாள். அந்த அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே படிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டால் இருப்பார்கள். இல்லையென்றால் வருகிற மாதம் பெட்டி கட்ட வேண்டும்.

நம் அம்மா செத்துப்போன அன்றைக்கு, கைக்குழந்தையாக இருந்த உன்னைத் தூக்க ஆளில்லை என்று பள்ளிக்கூடத்தை விட்டு வந்தேனே, அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. நாளைக்கு அந்த அம்மா முன்னால் உட்காரும்போதுதான் வருத்தப்படுவேன் போலிருக்கிறது.

உறையில் முகவரி எழுதுங்கள் என்கிறாள் உன் மகள். உன் பேரை மட்டும் எழுதியிருக்கிறேன்.

எங்களுக்காக அங்கே ஒரு வார்த்தை சொல்லு.

உன் அக்கா


சனிக்கிழமை, மத்தியானம்

கட்டெறும்பே,

இன்றைக்குக் கடித நாள் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

ஆபீசர் அம்மா நேற்றுப் பத்து மணிக்கு வந்தார். உன் வீட்டுக்காரர் லீவு சொல்லிவிட்டு, யூனிபாரத்தைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா கெட்டவர் இல்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார், பேழைகளை விரலால் எண்ணினார். பெரியவளின் கணக்கு நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எட்டுப் பரீட்சை. அப்புறம் திரும்ப முதலிலிருந்து புரட்டினார்.

"முதல் வாரம் முதல் கணக்கு தப்பு. ரெண்டாவது வாரம் ரெண்டாவது. மூணாவது வாரம் மூணாவது" என்று சொல்லிக்கொண்டே போனவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன் மகளைப் பார்த்து, "இன்னிக்கு எதும்மா?" என்று கேட்டார்.

"ஒம்பதாவது" என்றாள்.

பயப்படவே இல்லை. தலைகூடக் குனியவில்லை. ஏன் அப்படி என்று கேட்டதற்கு, "பத்தும் சரியாப் போட்டா பக்கம் திருப்பணும். அடுத்த பக்கத்துல அம்மா ஒண்ணும் எழுதல" என்றாள்.

உடனே சின்னவன், "எனக்கு முன்னாடியே தெரியும், அக்கா சொல்லாதேன்னு சொன்னா" என்றான்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அம்மாவிடம் சொல்லவில்லை, உன் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. எனக்கும் தெரியும். நாலாவது வாரமே தெரியும். கழித்தல் எனக்கு வராதா என்ன, இருபது வருஷம் போர்வை எண்ணி அனுப்பினவள். முந்தின வாரம் சரியாகப் போட்ட கணக்கை இந்த வாரம் தப்பாகப் போட்டால் பிள்ளைக்கு வரவில்லை என்று நினைப்பேனா? சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு, பரவாயில்லை தங்கம், திங்கட்கிழமை திரும்பப் பார்க்கலாம் என்பேன். அவள் சரி பெரியம்மா என்பாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம். அவள் என்னை ஏமாற்றினாள் என்று ஊர் நினைக்கும். நாங்கள் இரண்டு பேரும் கூட்டு.

ஏனென்றால் நான் அந்த அடுத்த பக்கத்தை முதல் நாளே பார்த்துவிட்டேன். மேலே இருபத்து நான்கு என்று மட்டும் போட்டு அடியில் கோடு இழுத்திருக்கிறாய். அவ்வளவுதான். இருபத்து மூன்றாம் வாரம் நடக்கிற வரைக்கும் நீ அடுத்த அறையில் ஏதோ வேலையாக இருக்கிற மாதிரி இருந்தது. நீ சொல்லிவிட்டுப் போனதைத்தானே செய்கிறோம் என்று இருந்தது. அது முடிந்தால் நீ சொன்னது முடிந்தது.

உன் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "நான் இந்த நோட்டை ஒரு தடவைகூடத் திறக்கலையே அக்கா" என்றார். பிறகு ஆபீசர் அம்மா சொன்னார். பிள்ளைகளுக்குப் பாடம் நன்றாகவே வருகிறது, அதில் குறையில்லை. ஆனால் நின்ற இடத்திலேயே நிற்பது படிப்பு இல்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு இருபத்து நான்காம் வாரத்தை எழுதி ஆபீசுக்குக் கொண்டு வர வேண்டும், என் கையாலேயே எழுதியிருக்க வேண்டும். கொண்டு வந்தால் அடுத்த மூன்று மாதத்துக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். இல்லையென்றால் அப்பா கேட்டபடி விடுதிக்கு எழுதிக் கொடுத்துவிடுவாராம். நான் நாலாங்கிளாஸ் அம்மா என்றேன். "அது எனக்குத் தெரியும். நோட்டுல திருத்தினது யாருன்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். பாராட்டா குத்தலா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இன்றைக்குக் காலையில் பெரியவள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். நேற்று எழுதாமல் விட்ட பரீட்சையாம். பத்துக் கணக்கு. திருத்துங்கள் என்றாள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பதாவதில் கொஞ்ச நேரம் நின்றேன். சரிதான். பத்தாவதும் சரி. ஒரு தப்பாவது இருக்காதா என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இல்லை. பத்துக்கும் சரி போட்டேன். பேனாவை வைத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. பேனாவைப் பிடித்த விரலில் மையாகியிருந்தது. ரொம்ப நேரம் போட்டிருக்கிறாள்.

அப்புறம் சட்டப்படி பக்கத்தைத் திருப்பினோம். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. போர்வை மடிக்கிற மாதிரி.

அவளே ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறாள். அவரைச் செடிகளைப் பிடுங்கி டப்பாவில் நட வேண்டுமாம். உன் வீட்டுக்காரர் மண் அள்ளிக் கொடுக்கிறார். அவர்கள் பேசுவது இங்கே கேட்கிறது. நான் உன் நாற்காலியில் இருக்கிறேன். பச்சைப் பேனா காய்ந்துவிட்டது, நீலம் எழுதுகிறது. நீ இந்த நேரத்தில்தான் எழுதுவாய், சனிக்கிழமை சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவின கையோடு.

அந்தச் சனிக்கிழமையும் இந்த நேரம்தான் எனக்குப் போன் பண்ணினாய். தலை பிளக்கிறது அக்கா என்றாய். நான் என்ன சொன்னேன்? நாள் முழுக்க இரண்டு குரங்குகளை மடியில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினால் தலை வலிக்காமல் என்ன செய்யும், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடு, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படு என்றேன். மிஷின் சத்தத்தில் கத்தித்தான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லவில்லை. இருபது வருஷம் ஆஸ்பத்திரிப் போர்வை மடித்தவளுக்கு அந்த வார்த்தை வரவில்லை. இதை நான் ஜெபத்தில் சொல்லிவிட்டேன். உன்னிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

நீ சண்டை போடவில்லை. சிரித்தாய். "அக்கா, அடுத்த வாரம்..." என்று எதையோ ஆரம்பித்தாய். உன் அடுத்த வாரத்தை நீயே வைத்துக்கொள், எனக்கு லாரி நிற்கிறது என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமைக் கட்டத்தில் வசனம் என்று எழுதியிருக்கிறேன். எந்த வசனம் என்று எழுதவில்லை. வெளியே சின்னவன் என்னைக் கூப்பிடுகிறான், ஒன்பது டப்பாவும் நட்டாயிற்றாம், வந்து பார்க்க வேண்டுமாம்.

நீ அங்கே தலைவலி இல்லாமல் இருடி. பிள்ளைகளை நான் பிரிய விடமாட்டேன். இது மட்டும் சொல்லு.

அடுத்த வாரம் என்று ஆரம்பித்தாயே, கட்டெறும்பே, என்ன சொல்ல வந்தாய்?