நகரத்தின் மாதிரிக் குடும்பம்

2009, ஜனவரி 12, திங்கள்

காலையிலேயே கூட்டம். ஹீட்டர் வேலை செய்யவில்லை. எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்து, குழந்தைகளுக்குக் கதகதப்பான சூழல் அமைத்துத் தருவது பற்றிப் பேசினோம். சமூக நலத் துறை என்றால் சும்மாவா.

இயக்குநர் பர்லியா புது டை கட்டி வந்திருந்தார். அந்த மனிதர் டை மாற்றினால் ஏதோ வில்லங்கம் வருகிறது என்று அர்த்தம். வந்தது. நகரமன்றத்தின் குழந்தைகள் நலக் குழு மார்ச்சில் நம்மைப் பார்வையிட வருகிறதாம். நாம் குடும்பங்களைக் கண்காணிக்கிறோம். அவர்கள் நம்மைக் கண்காணிக்கிறார்கள். அவர்களை யார் கண்காணிக்கிறார்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். துறை நடத்தும் ‘மின்மினி’ இல்லத்தில் பன்னிரண்டு குழந்தைகளுக்கு இடம். இருப்பது பத்து. இடம் காலியாகக் கிடந்தால் இல்லமே தேவையில்லை என்று குழு இழுத்து மூடிவிடும் என்று பயப்படுகிறார்.

“இன்னும் ரெண்டு குழந்தை வேணும்” என்றார், கடையில் முட்டை கேட்கிற மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினார். “கொரினா மேடம், உங்க ஏரியாவுல ஒரு டிராலிபஸ் டிரைவர் இருக்கானே, ஒரே ரூம் வீடு? அக்கா இத்தாலி போயிட்டா, அவ பொண்ணுங்க ரெண்டும் இவன்கிட்டதானே இருக்கு? கொஞ்சம் பாருங்களேன்.”

பார்க்கிறேன். பத்துக் குழந்தைகள்தானா, பரவாயில்லையே என்று சந்தோஷப்பட வேண்டிய துறை, ஐயோ பத்துதானா என்று கவலைப்படுகிறது. கர்மம்.

ஜனவரி 15, வியாழன்

டிரைவர் ஜிக்கு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தபோது வாயில் சீப்பு, கையில் மூத்தவள் ஒடிலியாவின் பாதிப் பின்னல். “ஒரு நிமிஷம் மேடம், விட்டா அவிழ்ந்துடும்” என்றான் சீப்பைக் கடித்தபடியே. அடுப்பில் பீன்ஸ் சூப். சின்னவள் ஸாம்ஃபிரா என் காலணியைக் கழற்றி, வீட்டுச் செருப்பை மாட்டிவிட்டாள். அவளுக்கு நாலு வயது. அம்மா லுமினிட்சா, இத்தாலியில் ஒரு பணக்காரக் கிழவரைக் கவனித்துக்கொள்ளக் கிளம்பியபோது இரண்டு வயது. நம் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் அங்கேதான் யாரோ ஒருவருக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருக்கிறார்கள். இங்கே அவரவர் பிள்ளைகளுக்கு அக்கம்பக்கம் போர்த்திவிடுகிறது.

விதிப்படி ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் படுக்கை வேண்டும். இருந்தது. பச்சை வண்ண இரட்டை அடுக்குக் கட்டில், ஒரு காலை நாய் கடித்திருந்தது. இந்தக் கட்டிலை எனக்கு நன்றாகத் தெரியும். நவம்பரில் மூன்றாம் மாடியில் பார்த்தேன். கோடையில் எதிர் வாசல் வீட்டில். கீழ்வீட்டு ஸ்மரந்தா அக்காவின் சொத்து அது. என் வருகை நாள் தெரிந்ததும் கட்டில் படியேறிவிடும். நான் ‘தனித்தனிப் படுக்கை உண்டு’ என்று எழுதுவேன். எழுதும் நேரத்தில் உண்டுதானே? மற்ற நாட்களில் பெண்கள் இருவரும் ஜிக்குவின் கட்டிலில், ஜிக்கு சமையலறைத் தரையில்.

செர்ரிப்பழப் பாகும் தண்ணீரும் கொடுத்தார்கள். ஒடிலியா கரண்டியை நீட்டிக்கொண்டே கேட்டாள்: “மேடம், எங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கா வந்திருக்கீங்க?”

இல்லை என்றேன். இந்தப் பிள்ளைகள் இங்கேயேதான் இருக்க வேண்டும். வேறு எங்கேயும் இல்லை. அவ்வளவுதான்.

ஜனவரி 19, திங்கள்

‘மாமனிடம் நன்றாக இருக்கிறார்கள்’ என்று அறிக்கை கொடுத்தேன். ‘மறுபடி பார்க்கவும்’ என்று திரும்பி வந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

பர்லியா மனம் திறந்தார். அவர் மனம் மூடியே இருந்திருக்கலாம்.

“இப்பவே கூட்டிட்டு வந்தா அந்தக் கட்டடத்துப் பொம்பளைங்க கத்துவாங்க மேடம். குழுவே ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் யார் வாயைத் திறப்பா? அடுத்த வாரமே ரெண்டு பேரும் மின்மினில இருப்பாங்க.”

“அவங்களுக்கு அங்க என்ன சார் குறை?”

“குறையைப் பத்தி யார் பேசினா? நான் இடத்தைப் பத்திப் பேசறேன்.”

முப்பது வருஷ வேலையில் இவ்வளவு நேர்மையான பதில் ஒரு மேலதிகாரியிடமிருந்து கிடைத்ததில்லை.

மார்ச் 1, ஞாயிறு

வசந்தத்தின் முதல் நாள், நம் ஊரில் பெண்களுக்கு நூல் பொம்மை கொடுக்கும் நாள். ஜிக்குவின் பெண்கள் சிவப்பு வெள்ளை நூலில் ஒரு குட்டிக் கரடியைக் கோர்த்து அனுப்பியிருக்கிறார்கள், சட்டையில் குத்திக்கொள்ள. சட்டப்படி இது அன்பளிப்பு. திருப்பி அனுப்ப வேண்டும். குத்திக்கொண்டேன். போங்கடா.

மார்ச் 2, திங்கள்

நாளை குழு வருகிறது. மின்மினி இல்லத்தில் கட்டிலும் பத்துதான் என்று இன்று காலைதான் இயக்குநருக்குத் தெரிய வந்தது! பன்னிரண்டு இடம் என்று வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறோம். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பர்லியா துறையின் வேன் டிரைவரை விரட்டினார்: “எங்கேயாவது கேளு, ஒருநாள் இரவல் போதும்.”

சாயங்காலம் வேனில் வந்து இறங்கியது. பச்சை. இரட்டை அடுக்கு. காலில் நாய்ப் பல்.

ஓடிப்போய் ஸ்மரந்தா அக்காவிடம் கேட்டேன். “ஏம்மா கொரினா, நீங்க வந்து பாக்கறதுக்காக நாங்க இரவல் வாங்கறோம். உங்களை ஒருத்தன் வந்து பாக்கறான்னா நீங்க வாங்கக் கூடாதா? எடுத்துட்டுப் போங்க. ஆனா திருப்பித் தரணும், சொல்லிட்டேன்.”

மார்ச் 3, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

குழுவின் தலைவி கவுன்சிலர் செவெரினா, தொழிலில் பல் மருத்துவர். எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் முதலில் “ஆ காட்டு” என்கிறார். இல்லத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். கட்டிலை எல்லாம் தட்டிப் பார்த்தார். பச்சைக் கட்டிலைத் தட்டி, “இது நல்ல பழைய உறுதி. இந்த ரெண்டும் ஏன் காலி?” என்று கேட்டார். பர்லியா பெருமூச்சு விட்டார். ஒத்திகை பார்த்த பெருமூச்சு. “தேவையிருக்கிற குழந்தைங்க வெளியில இருக்காங்க மேடம். பாக்கறீங்களா? பக்கத்துலதான், ஒரு டிராலிபஸ் டிரைவர் வீடு. சாப்பிட்ட உடனே போகலாம்.”

அந்த வீட்டில் இப்போது கட்டில் இல்லை! தரையில் மாமனின் மெத்தை கிடக்கும். தலைவி ஒரு பார்வை பார்த்து, ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பாவி மனுஷன், திட்டம் போட்டுத்தான் கூட்டிட்டுப் போறான்.

கழிப்பறைக்குள் புகுந்து ஜிக்குவுக்கு போன் போட்டேன். “வண்டி ஓட்டிட்டிருக்கேன் மேடம்.” “அந்த வண்டியையே கொண்டுவாங்க. கட்டில் இங்க இருக்கு.” “எவ்வளவு நேரம் பிடிச்சு வைப்பீங்க?” “கேக் வர்ற வரைக்கும்.”

நம் ஊரில் கேக் வராமல் மேஜையைவிட்டு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்தால் சமைத்தவளை அவமதித்த மாதிரி. இல்லத்துச் சமையல்காரியின் காதில், “பின்கதவைத் திறந்து வை, நான் தலையாட்டுற வரைக்கும் கேக்கைத் தொடாதே” என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் ஜிக்குவின் கட்டடத்துக்காரிதான்.

தவக்காலம் தொடங்கி இரண்டாம் நாள். அதனால் இறைச்சி இல்லாத முட்டைக்கோஸ் உருண்டைகள். குழு எவ்வளவு பக்தியுள்ளது என்று இன்றுதான் பார்த்தேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டது. பிளம் சாராயத்துக்கு விரதத்தில் தடையில்லை. தலைவி பால் பற்களின் முக்கியத்துவம் பற்றிப் பேசினார். நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். என் வாழ்நாளில் பால் பற்களைப் பற்றி அவ்வளவு ஆர்வம் காட்டியதில்லை. பர்லியா கடிகாரத்தைப் பார்த்தார். “கேக் இன்னும் வரலையா?” “வேகணுமே சார், முட்டை போடாத கேக்.”

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு டிராலிபஸ் மெதுவாகப் போனது. முகப்பில் ‘பணிமனைக்கு’ என்ற பலகை. உள்ளே இருக்கைகளுக்கு நடுவே பச்சைக் கட்டில். பக்கத்தில் ஸ்மரந்தா அக்கா, மெத்தையைக் கட்டிப் பிடித்தபடி. தலைவி பார்த்துவிட்டார்.

“பாத்தீங்களா” என்றார் வருத்தமாக. “நகரப் பேருந்துல கட்டில் ஏத்திட்டுப் போறாங்க. நம்ம ஜனங்க திருந்தவே மாட்டாங்க.”

தலையாட்டினேன். கேக் வந்தது.

சாப்பாடு முடிந்து ஜிக்குவின் வீட்டுப் படியேறினோம். கதவைத் திறந்தான் ஜிக்கு, வியர்வையில் குளித்து, சீருடையோடு. ஸாம்ஃபிரா முன்னால் வந்து நின்றாள். அக்காக்காரி நன்றாகவே தயார் செய்திருக்கிறாள். “வணக்கம் மேடம். இது என் படுக்கை. இது அக்கா படுக்கை” என்றாள். குளிர்பதனப் பெட்டியைத் திறந்தாள். ஏழு வீட்டுத் தயிரும் ஆப்பிளும் உள்ளே பிதுங்கிக்கொண்டிருந்தன. “எங்களுக்கு இங்க ஒரு குறையும் இல்ல.”

தலைவி கட்டிலைத் தட்டினார். மறுபடி தட்டினார். குனிந்து பார்த்தார். சரி, தொலைந்தோம் என்று நினைத்தேன்.

“பர்லியா!” என்றார், கண் பனிக்க. “இல்லத்துல இருக்கிற அதே கட்டில்! இல்லத்துக்கும் வீட்டுக்கும் ஒரே தரம். நகரம் முழுக்கவா இப்படிப் பண்ணியிருக்கீங்க?”

பர்லியா கட்டிலைப் பார்த்தார். நாய் கடித்த காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம். இது அதே கட்டில்தான் என்று சொன்னால் இல்லத்தில் கட்டில் இல்லை என்று ஆகும்.

“முயற்சி பண்றோம் மேடம்” என்றார்.

தலைவி பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்தார், பல் மருத்துவரான தான் கொடுக்கக் கூடாது என்று சிரித்துக்கொண்டே. கிளம்பும்போது சொன்னார்: “இந்தப் பிள்ளைங்களை இங்கிருந்து யாரும் அசைக்கக் கூடாது. இதுதான் நம்ம மாதிரிக் குடும்பம்.”

ஜெயித்துவிட்டோம்! சத்தியமாக, படியிறங்கும்போது அழுதேன். ஸ்மரந்தா அக்கா ஒரு குவளை சாராயம் ஊற்றிக் கொடுத்தாள். விரதத்தில் தடையில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பர்லியாவுக்குப் பாராட்டுப் பத்திரம். ‘ஒரே நகரம், ஒரே தரம்.’ மின்மினியையும் மூடவில்லை. அவர் என்னைப் பார்த்தால் இப்போது காலில் ஷூ லேஸ் கட்டக் குனிகிறார்.

மார்ச் 26, வியாழன்

ஜிக்கு வீட்டுக்கு இன்று பக்கத்து மாவட்டத்துக் குழு வந்தது. போன வாரம் மூன்று குழு. தொலைக்காட்சிக்காரர்கள். பாதிரியார். சமூகப் பணி படிக்கும் மாணவிகள். மாதிரிக் குடும்பம் என்றால் பார்க்க வேண்டாமா?

கட்டில் இனி அங்கேயே நிற்கிறது. ஸ்மரந்தா அக்கா என்னை வழிமறித்தாள்: “அடுத்த வியாழக்கிழமை ஆறாம் நம்பர் வீட்டுக்கு நீ வர்றியே, அவங்க எங்கேம்மா போவாங்க கட்டிலுக்கு?” என்ன சொல்ல? எனக்கு அன்று கண் சரியாகத் தெரியாது என்றேன்.

ஏப்ரல் 8, புதன்

ஜிக்கு அலுவலகத்துக்கே வந்துவிட்டான். “மேடம், நான் ரெண்டு வருஷமா இவளுங்களை யாருக்கும் காட்டாம வளர்த்தேன், நல்லா இருந்தாளுங்க. இப்ப நான் குளிக்கணும்னாக்கூட நகரமன்றத்துல நேரம் கேட்கணும் போல. சின்னவ யார் கதவைத் தட்டினாலும் ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறக்கறா. மின்சார மீட்டர் பாக்க வந்தவன்கிட்டயும் ‘ஒரு குறையும் இல்ல’ன்னு ஒப்பிச்சா.”

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

குறைக்கச் சொல்லி பர்லியாவிடம் கேட்டேன். ஈஸ்டர் முடியட்டும் என்றார். தலைவி தேர்தலில் நிற்கிறாராம்.

ஏப்ரல் 18, சனி

லுமினிட்சா வந்துவிட்டாள்! கிழவரின் மகன் ஈஸ்டருக்கு விடுப்புக் கொடுத்திருக்கிறான், இரண்டு வருஷத்தில் முதல் முறை. “நீங்களும் வந்து இருங்க மேடம், எனக்குப் படபடன்னு இருக்கு” என்று ஜிக்கு கூப்பிட்டான். மத்தியானமே போய் ஒடிலியாவோடு முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினேன். யார் வருகிறார்கள் என்று சின்னவளிடம் எல்லோரும் சொன்னோம். அவளும் தலையாட்டினாள்.

இத்தாலி மினிபஸ் மூன்று மணிக்கு வந்தது. லுமினிட்சா வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள், தலைக்குச் சாயம் பூசியிருந்தாள், நல்ல கோட், தோளில் தோல் பை. பேச முயன்றாள், வாய் கோணிக்கொண்டு போனது. ஒடிலியா சாயக் கையோடு அசையாமல் நின்றாள்.

ஸாம்ஃபிராதான் முதலில் ஓடினாள். குனிந்து அவள் காலணியைக் கழற்றினாள். வீட்டுச் செருப்பை மாட்டினாள்.

“வணக்கம் மேடம். உள்ள வாங்க.”

“ஸாம்ஃபிரா, அடியே, அது அம்மாடி” என்றான் ஜிக்கு.

அவள் மாமனைப் பார்த்துச் சிரித்தாள். பெரியவர்கள் நடுவில் பேசினால் நிறுத்தக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோமே. லுமினிட்சாவின் விரலைப் பிடித்து அழைத்துப் போனாள். இது என் படுக்கை. இது அக்கா படுக்கை. குளிர்பதனப் பெட்டியைத் திறந்து தயிரைக் காட்டினாள். ஒரு வார்த்தை பிசகவில்லை.

“எங்களுக்கு இங்க ஒரு குறையும் இல்ல.”

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

லுமினிட்சா என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது? அவள் மண்டியிட்டு, பையைத் துழாவி, இத்தாலியிலிருந்து கொண்டுவந்த சாக்லேட்டை அந்தக் கையில் வைத்தாள். ஸாம்ஃபிரா நன்றி சொன்னாள். பிறகு வழக்கம்போல வாசலுக்குப் போய், அவள் கிளம்புவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.